நாக்சோஸ் தீவின் வயல்வெளிகளும் பழைய தேவாலயங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்க நாட்டின் ஏஜியன் கடல் நடுவே இருக்கும் சைக்ளடீஸ் தீவுகளில் பரப்பில் பெரியது நாக்சோஸ்: சுமார் 430 சதுர கிலோமீட்டர். கப்பலில் வந்து இறங்குபவர்களில் பெரும்பாலோர் மேற்குக் கரை மணலில் நான்கு நாள் கிடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், அரை மணி நேரப் பேருந்துத் தொலைவில், ஒலிவத் தோப்புகளுக்குள் ஆயிரம் ஆண்டுப் பழமையான தேவாலயங்கள் நிற்கின்றன. இது அந்தப் பக்கம் திரும்பிப் போக நினைப்பவர்களுக்கு. கீழே 'கோயில்' என்று வருவதெல்லாம் பழைய கிரேக்கத் தெய்வங்களின் கோயில். 'தேவாலயம்' என்றால் கிறிஸ்தவ ஆலயம்.

புகழ்பெற்ற சாந்தோரினித் தீவு இருக்க, நாக்சோஸுக்கு ஏன் போக வேண்டும்?

தண்ணீருக்காக என்றுதான் சொல்ல வேண்டும். நாக்சோஸின் ஸாஸ் மலை 1,004 மீட்டர். சைக்ளடீஸ் தீவுகளிலேயே உயரமானது. குளிர்கால மேகத்தை அது பிடித்து நிறுத்துவதால் ஊற்றுகள் உண்டு, ஊற்றுகளால் வேளாண்மை உண்டு. பக்கத்துத் தீவுகள் கடலை நம்பியபோது நாக்சோஸ் மக்கள் மண்ணை நம்பினார்கள். கடற்கொள்ளையர் பயம் இருந்த நூற்றாண்டுகளில் ஊர்கள் கரையை விட்டு விலகி உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளில் ஒதுங்கின. ஊர் இருக்கும் இடத்தில்தானே தேவாலயமும் இருக்கும்? அதனால் இந்தத் தீவின் கட்டடக்கலையைக் கரையில் தேடினால் பாதிதான் கிடைக்கும்.

ஒரு எதிர்பார்ப்பை மட்டும் இறக்கி வைத்துவிடுங்கள். வெள்ளைச் சுவர், நீலக் குவிமாடம், பின்னால் கடல் என்ற அஞ்சலட்டைக் காட்சியை நினைத்து வந்தால் ஏமாற்றமே. இங்குள்ள மிகப் பழைய ஆலயங்கள் சாம்பல் நிறக் கல். தூரத்திலிருந்து பார்த்தால் பாறைக் குவியல் போலத் தெரியும்.

தீவில் எந்தப் பகுதியைக் குறிவைப்பது?

த்ரகேயா பள்ளத்தாக்கு. தீவின் நடுவில், ஹல்கி, ஃபிலோட்டி, மோனி, கலோக்ஸிலோஸ், தமரியோனாஸ் ஆகிய ஊர்களுக்கு இடைப்பட்ட ஒலிவக் காடு அது. துறைமுக நகரமான ஹோராவிலிருந்து ஹல்கி சுமார் 16 கிலோமீட்டர். அதற்கு முன்பே சங்ரி வரும். ஹல்கியைத் தாண்டினால் ஃபிலோட்டி. மேலே ஏறினால் சலவைக்கல் பாவிய தெருக்களுடைய அபிரான்தோஸ்.

இரண்டு நாளுக்கு மேல் இருப்பவர்கள் ஹல்கியிலோ ஃபிலோட்டியிலோ அறை எடுப்பது நல்லது. ஹோராவில் தங்கினால் முதல் பேருந்தைப் பிடித்து வந்து சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். இந்தத் தேவாலயங்களுக்குக் காலை வெளிச்சம்தான் வெளிச்சம்: பலிபீடம் கிழக்கே இருக்கும், அங்கே ஒரு சிறிய சன்னல்தான் இருக்கும், காலைக்குப் பிறகு உள்ளே இருட்டு.

எப்படிப் போய்ச் சேர்வது? கார் அவசியமா?

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து சாதாரணப் பெரிய கப்பல் ஐந்து, ஐந்தரை மணி நேரம் எடுக்கும். விரைவுப் படகு மூன்றரை முதல் நான்கு மணி நேரம். காற்று பலத்தால் முதலில் ரத்தாவது விரைவுப் படகுதான். திரும்பும் விமானம் மறுநாள் என்றால் பெரிய கப்பலுக்கே சீட்டு எடுங்கள், ஒரு நாளை ஏதென்ஸில் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஏதென்ஸிலிருந்து சிறிய விமானமும் உண்டு. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும்.

ஹோரா துறைமுகத்துக்கு எதிரிலிருந்து கே.டி.இ.எல். பேருந்துகள் ஹல்கி, ஃபிலோட்டி, அபிரான்தோஸ் வழியாகப் போகின்றன. கோடையில் அடிக்கடி, குளிர்காலத்திலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் மிகக் குறைவு. கடைசிப் பேருந்தின் நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்ட பிறகே நடக்கத் தொடங்குங்கள்.

த்ரகேயாவுக்கு மட்டும் என்றால் கார் தேவையில்லை, சொல்லப்போனால் இடைஞ்சல். சங்ரி, அபிரான்தோஸ், வடமுனையின் அப்பொல்லோனாஸ் எல்லாம் சேர்த்துப் பார்க்க ஒரு நாள் கார் எடுக்கலாம். இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு, ஊரிலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அங்கே வண்டி வலப்பக்கம் ஓடும். ஊருக்குள் சந்துகள் கழுதை அகலத்துக்குப் போட்டவை. வழிகாட்டிச் செயலி சொல்கிறதே என்று உள்ளே நுழைத்துவிட்டால் பின்னோக்கியே வெளியே வர வேண்டியிருக்கும். ஊர் எல்லையில் நிறுத்திவிட்டு நடங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. அல்லது செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். வசந்தத்தில் படிவயல்களில் கசகசாப் பூ சிவக்கும், ஓடைகளில் நீர் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து மெல்தேமி காற்று நாள் கணக்கில் அடிக்கும். வெயிலின் சூட்டை அது மறைத்துவிடுவதால் நீர் வற்றுவதே தெரியாது. மலைப்பாதையில் மயங்கி விழுவது இதனால்தான். தாகம் எடுக்காவிட்டாலும் தலைக்கு 2 லிட்டர் தண்ணீர் கொண்டு போங்கள்.

ஒரே நாளில் நடந்து பார்க்க ஒரு வழி சொல்லுங்கள்.

ஹல்கியில் தொடங்குங்கள். சாலையோரத்திலேயே பனயியா ப்ரோத்தோத்ரோனோஸ் இருக்கிறது. பனயியா என்றால் மாதா; மற்ற பாதிக்கு 'முதல் அரியணைக்கு உரியவள்' என்று பொருள். அங்குள்ள கல்வெட்டு, 1052-இல் ஆயர் லியோன், அரசு அதிகாரி நிகித்தாஸ் ஆகியோர் காலத்தில் நடந்த திருப்பணியைச் சொல்கிறது. பலிபீடத்துக்குப் பின்னால் அரைவட்டச் சுவரை ஒட்டிக் குருமார் அமரும் கல்படிகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. ஊரின் வழிபாட்டு ஆலயம் இது. ஞாயிறு காலை திருவழிபாடு முடியும்வரை சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள்.

அங்கிருந்து ஒலிவத் தோப்புக்குள் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் ஆயியோஸ் யோர்யோஸ் தியாசொரீதிஸ். 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மரங்களுக்கு நடுவே குவிமாடம் தெரியும்வரை வழி தவறிவிட்டதாகவே தோன்றும். தொடர்ந்து போங்கள், பலகை உண்டு. பிறகு மோனி ஊரை நோக்கி ஏற வேண்டும். ஊருக்குச் சற்று முன்னால் சாலையின் கீழ்ப்பக்கம் பனயியா த்ரோசியானி. ஹல்கியிலிருந்து நேராக வந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேர நடை. இறங்கும்போது கலோக்ஸிலோஸ் வழியாக ஹல்கிக்கே திரும்பலாம். மூன்றும் சேர்த்து, நின்று பார்த்து, ஐந்து மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றுக்கு மேல் ஒரே நாளில் பார்த்தால் மாலையில் எது எங்கே பார்த்தோம் என்று குழம்பிவிடும்.

போனால் கதவு பூட்டியிருக்கிறதே?

பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். நூற்றுக்கும் மேற்பட்ட பழைய தேவாலயங்களுக்கு ஆள் போட முடியாது. ஐகான் எனப்படும் புனிதர் படங்கள் திருடு போன அனுபவத்தால் பூட்டு மாட்டும் வழக்கமும் கூடிவிட்டது. பார்வையாளர் அதிகம் வரும் த்ரோசியானி, ப்ரோத்தோத்ரோனோஸ் போன்றவை பருவகாலத்தில் காலை வேளையில் திறந்திருக்கும். மற்றவற்றுக்கு ஊரின் காப்பிக்கடையில், அதாவது காஃபெனியோவில், கேட்பதே வழி. சாவி ஊர்க் குருவிடமோ பக்கத்து வீட்டு மூதாட்டியிடமோ இருக்கும். முதல் நாளே கேட்டு வையுங்கள். மதியம் 2 மணி முதல் 5 மணி வரை ஓய்வு நேரம். அப்போது யார் வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள்.

கதவைத் தள்ளிப் பார்ப்பதில் தவறில்லை. சில இடங்களில் ஆடு நுழையாமல் இருக்கக் கம்பியோ கயிறோ கட்டியிருப்பார்கள், பூட்டு அல்ல. அவிழ்த்தால் அதே மாதிரி திரும்பக் கட்டுங்கள். ஆடு உள்ளே போனால் சுவரில் உடம்பைத் தேய்க்கும், தேய்த்த இடத்தில் ஓவியம் போகும்.

திறக்கவே முடியாவிட்டாலும் நடை வீணில்லை. வெளியே நின்றே பாதியைப் படித்துவிடலாம்.

வெளியிலிருந்து பார்த்துக் காலத்தைக் கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு. முதலில் கிழக்குப் பக்கம் போங்கள். சுவரிலிருந்து பிதுங்கும் அரைவட்டப் புடைப்பு பலிபீடம் இருக்கும் இடம். கட்டடம் நீளமாக, உள்ளே இரண்டு வரிசைத் தூண்களால் மூன்றாகப் பிரிந்திருந்தால் அது பசிலிக்கா. இந்த வகைதான் மூத்தது, 6-ஆம் நூற்றாண்டை ஒட்டியது. ஒற்றைக் கூடத்தின் நடுவில் தாழ்ந்த குவிமாடம் என்றால் பெரும்பாலும் இருண்ட நூற்றாண்டுகள் எனப்படும் 7 முதல் 9 வரையிலான காலமோ அதை அடுத்ததோ. கூரையில் சிலுவை வடிவம் நாலாபக்கமும் தெளிவாக எழும்பி, நடுவில் குவிமாடம் அமர்ந்திருந்தால் 10, 11-ஆம் நூற்றாண்டை நினைக்கலாம். தியாசொரீதிஸ் இந்த ரகம். அரைக்குழாய் போன்ற வளைவுக் கூரையுடன் வெறும் ஒற்றை அறையாக இருந்தால் கணிப்பை விட்டுவிடுங்கள். அதை எல்லாக் காலத்திலும் கட்டினார்கள், இன்றும் கட்டுகிறார்கள்.

சதுர அறைமேல் வட்டக் குவிமாடம் எப்படி உட்காருகிறது என்று உள்ளே பாருங்கள். நான்கு மூலைகளிலும் சிறு வளைவுகளைக் குறுக்கே போட்டுச் சதுரத்தை எண்கோணமாக்குவது ஒரு முறை. மூலைகளிலிருந்து முக்கோண வடிவில் வளைந்து எழும் பரப்புகளால் தாங்குவது இன்னொரு முறை. பக்கச் சுவர்களில் உள்ளடங்கிய குருட்டு வளைவுகள் இருக்கும். அலங்காரமல்ல, கூரையின் பாரத்தைக் கனமான இடங்களில் இறக்கிவிட்டு இடையே சுவரை மெலிதாக்கும் ஏற்பாடு.

இரண்டு பொறிகள் உண்டு. முகப்பின் மணி வளைவை வைத்துக் காலம் சொல்லாதீர்கள். அநேகமாக அது பல நூற்றாண்டு கழித்து ஒட்டியது. பழைய சலவைக்கல்லை வைத்தும் சொல்லாதீர்கள். கதவின் மேல்தட்டு கி.மு. 6-ஆம் நூற்றாண்டுக் கோயிலிலிருந்து வந்திருக்கலாம், தலைகீழாகக் கவிழ்த்த தூண் தலை பலிபீடத்துக்குக் காலாக நிற்கலாம். இந்தத் தீவில் நல்ல கல்லை யாரும் எறிந்ததில்லை.

த்ரோசியானிக்கு ஏன் இவ்வளவு பெயர்?

கிரேக்கத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்று, 6-ஆம் நூற்றாண்டு. அடிப்படை வடிவம் மூவிலை: கிழக்கு, வடக்கு, தெற்கு மூன்று பக்கமும் அரைவட்டக் குழிவு, நடுவில் குவிமாடம். பின்னாளில் வடக்குப் பக்கத்தில் சிறு ஆலயங்களை வரிசையாக ஒட்டினார்கள். அதனால் வெளியே பார்க்கும்போது ஒரே கட்டடமாக அல்லாமல், ஒன்றையொன்று அணைத்துக்கொண்ட கல் குடிசைகள் போல இருக்கும்.

உள்ளே போனதும் குவிமாடத்தை அண்ணாந்து பாருங்கள். வழக்கமாக அங்கே ஒரு கிறிஸ்து இருப்பார். இங்கே இருவர் அருகருகே: ஒருவர் இளையவர், மற்றவர் முதிர்ந்தவர். கிறிஸ்துவின் மனித இயல்பு, இறை இயல்பு பற்றி அந்த நூற்றாண்டில் நடந்த இறையியல் சண்டையோடு இதைச் சேர்த்துப் படிப்பவர்கள் உண்டு. விளக்கம் எதுவானாலும், 6, 7-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் கிழக்குக் கிறிஸ்தவ உலகிலேயே அரிது. அடுத்து வந்த உருவ எதிர்ப்புக் காலத்தில், அதாவது புனித உருவங்களுக்குத் தடை இருந்தபோது, பைசாந்தியப் பேரரசின் (கிழக்கு ரோமப் பேரரசு) தலைநகரான கான்ஸ்டான்டினோபிளைச் சுற்றிலும் அழிந்ததில் இங்கே கொஞ்சம் தப்பியது. 1960-களில் மேல் அடுக்குகளை அகற்றிய பிறகுதான் இவை வெளியே வந்தன. கண் இருட்டுக்குப் பழக ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். வந்தவுடன் கைபேசி விளக்கை அடிப்பவர்களுக்குத் தெரிவது புகைக்கரி மட்டுமே.

உருவமே இல்லாத தேவாலயங்கள் இருப்பதாகச் சொல்கிறார்களே?

உண்டு, அதுவே நாக்சோஸின் பெரிய செல்வம். பைசாந்தியப் பேரரசில் 726 முதல் 787 வரையும், மறுபடி 815 முதல் 843 வரையும் புனித உருவங்களுக்குத் தடை இருந்தது. அந்தக் காலத்து உருவமற்ற அலங்காரம் மற்ற இடங்களில் பின்னால் அழிக்கப்பட்டுவிட்டது. நாக்சோஸில் பல தேவாலயங்களில் மிச்சமிருக்கிறது: சிலுவை, இலைக்கொடி, சதுரங்கள், பின்னல் கோலங்கள்.

மிகவும் பேசப்படுவது அபிரான்தோஸுக்கு வெளியே தனியாக நிற்கும் ஆயியா கிரியாக்கி. பலிபீடக் குழிவில் பறவைகள் வரிசையாக நடக்கின்றன, கழுத்தில் நாடா கட்டியிருக்கிறது. பாரசீகத் துணிகளில் வரும் பறவைக்கும் இப்படி நாடா உண்டு. இதைப் பழுதுபார்த்துக் காத்த பணிக்கு 2018-இல் ஐரோப்பியப் பாரம்பரிய விருது கிடைத்தது. அபிரான்தோஸிலிருந்து ஒரு மணி நேர நடை. வழியில் நிழல் கிடையாது, பூட்டியிருப்பதே வழக்கம். ஊரில் முன்கூட்டி விசாரிக்காமல் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: உருவம் இல்லை என்பதாலேயே எல்லாம் தடைக்காலத்தைச் சேர்ந்தவை ஆகிவிடாது. கோலங்களும் கொடிகளும் முன்பும் வரைந்தார்கள், பின்பும் வரைந்தார்கள். அறிஞர்கள் ஒவ்வொரு ஆலயத்தையும் வைத்து இன்றும் வாதிடுகிறார்கள்.

ஓவியங்களில் முழுக்கக் கொத்திய தழும்புகள். யார் சிதைத்தது?

துருக்கியர் என்று வழிகாட்டிகள் சொல்லக் கேட்கலாம். பெரும்பாலும் கொத்தனார்தான். பழைய ஓவியத்தின் மேல் புதுப் பூச்சு பிடிக்க வேண்டுமானால் வழவழப்பான பரப்பில் உளியால் பள்ளம் போட வேண்டும். 13-ஆம் நூற்றாண்டில் ஓவியத்தைப் புதுப்பிக்க நினைத்தவர்கள் அதைச் செய்தார்கள். தழும்புகள் சீரான இடைவெளியில், முகம், ஆடை, வெற்றிடம் என்று பாராமல் பரவியிருந்தால் அது பூச்சு வேலை. கண்களை மட்டும் தேடிச் சுரண்டியிருந்தால் வேறு கதை.

ஓவியம் வரைந்தது ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல். செம்மண், மஞ்சள் மண், கரி போன்ற நிறங்களை நீரில் குழைத்துத் தீட்டுவார்கள். பூச்சு காயும்போது காற்றிலிருந்து கரிவாயுவை இழுத்து மேலே கல்போல ஒரு மெல்லிய படலம் கட்டும்; நிறம் அதற்குள் சிறைப்படும். ஆயிரம் ஆண்டு நிற்பது இதனால்தான். இதைக் கொல்வது ஓதம். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் உப்பைச் சுமந்து வருகிறது, பரப்பில் ஈரம் ஆவியாகும்போது உப்பு பூத்துப் படலத்தை உள்ளிருந்தே தள்ளி உதிர்க்கிறது.

20-ஆம் நூற்றாண்டில் நல்லெண்ணத்தோடு பூசிய சிமென்ட் பல இடங்களில் நிலைமையை மோசமாக்கியது. சுண்ணாம்பு மூச்சுவிடும், சிமென்ட் விடாது. வெளிப்பக்கம் சிமென்ட் அடைத்ததும் ஈரம் உள்பக்கம் திரும்பியது, அதாவது ஓவியம் இருக்கும் பக்கம். இப்போது மீட்பு வேலையில் முதல் படி சிமென்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து வைப்பது. அதற்குப் பிறகே ஓவியத்தில் கை வைப்பார்கள்.

ஏன் எல்லாவற்றையும் வெள்ளையடித்தார்கள்?

திருவிழாவுக்கு முன் சுண்ணாம்பு அடிப்பது சுத்தம், மரியாதை. புகைபடிந்து மங்கிய பழைய படம் ஊராருக்குக் கலையாகத் தெரிந்திருக்காது. அந்த வெள்ளையே பல ஓவியங்களைக் காப்பாற்றியது என்பதையும் சொல்ல வேண்டும்.

சங்ரியின் தெமெத்தர் கோயிலையும் இதில் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். தேவாலயங்களுக்கு முன்கதை அங்கே இருக்கிறது. சங்ரி ஊருக்குத் தெற்கே யீரூலாஸ் என்னும் இடத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே, தானியத் தெய்வமான தெமெத்தருக்குக் கி.மு. 530-ஐ ஒட்டிக் கட்டியது. பக்கத்துக்கு ஏறத்தாழ 13 மீட்டர் அளவில் கிட்டத்தட்டச் சதுரம். கூரை ஓடு உட்பட அனைத்தும் நாக்சோஸ் சலவைக்கல். ஓடுகளை மெல்லியதாகச் செதுக்கினால் வெயில் உள்ளே கசியும். சலவைக்கல் ஓடுகளைக் கண்டுபிடித்தவன் நாக்சோஸைச் சேர்ந்த பீஸெஸ் என்று பழைய பயண எழுத்தாளர் பவுசானியாஸ் எழுதியிருக்கிறார். உள்ளே தட்டைக் கூரை இல்லை. சாய்வான கூரைக்குத் தக்கபடி நடுத் தூண் உயரமாகவும் ஓரத் தூண்கள் குட்டையாகவும் நின்றன. முன்னால் நிலத்தில் உள்ள குழிகளைத் தவறவிடாதீர்கள். விளைச்சலுக்காக மண்ணுக்கே படையலை ஊற்றிய இடம்.

6-ஆம் நூற்றாண்டில் அதையே பசிலிக்கா ஆக்கினார்கள். கோயிலின் வாசல் தெற்கே. தேவாலயத்துக்குப் பலிபீடம் கிழக்கே வேண்டும். எனவே கட்டடத்தின் திசையையே கால் வட்டம் திருப்ப வேண்டியிருந்தது. பின்னாளில் அதே இடிபாட்டின் மேல் ஒரு சிற்றாலயம் எழுந்தது. அகழாய்வின்போது அதைச் சற்றுத் தள்ளிக் கட்டிக் கொடுத்தார்கள். பக்கத்துச் சிறு அருங்காட்சியகத்தில் பசிலிக்காவின் துண்டுகள் இருக்கின்றன. வாரத்தில் ஒரு நாள் விடுமுறை விடுவார்கள். எந்த நாள் என்பதை ஹோராவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஹோரா துறைமுகத்தின் போர்த்தாராவும் இதே கதைதான். கொடுங்கோலன் லிக்தமிஸ் கி.மு. 530 வாக்கில் தொடங்கி முடிக்காமல் விட்ட கோயிலின் வாசல் அது. 6 மீட்டர் உயரம். பின்னால் அங்கும் தேவாலயம் வந்தது, அதற்கும் பின்னால் வெனிஸ்காரர்கள் கல்லைப் பெயர்த்துத் தங்கள் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். வாசற்கால் மட்டும் கனத்தால் தப்பியது.

மலைச்சரிவு முழுக்கக் கற்சுவர்கள். எப்படிக் கட்டினார்கள், ஏன் இடிகின்றன?

அவை படிவயல்களைத் தாங்கும் சுவர்கள். சாந்து கிடையாது. இந்தக் கலையை யுனெஸ்கோ 2018-இல், கிரேக்கம் உட்பட எட்டு நாடுகளுக்குப் பொதுவான மரபாகப் பட்டியலில் சேர்த்தது.

கட்டும் முறை இதுதான்: மண்ணைத் தோண்டிக் கெட்டி நிலமோ பாறையோ வந்ததும் பெரிய கற்களை அடியில் வைப்பார்கள். முகக்கற்களை, நீளப் பக்கம் சுவருக்குள் போகும்படி படுக்க வைப்பார்கள். அழகுக்காக நீளப் பக்கத்தை வெளியே காட்டினால் சுவர் வயிறு தள்ளும். மேல் வரிசைக் கல் கீழே இரண்டு கல்லின் இணைப்பை மூட வேண்டும். சுவர் உயர உயர மலைப்பக்கம் லேசாகச் சாய வேண்டும். முகத்துக்குப் பின்னால் மண்ணை அல்ல, சில்லுக்கல்லை நிரப்ப வேண்டும். சுவரின் உயிர் அந்தச் சில்லில் இருக்கிறது. மழைநீர் அதன் வழியாக வடிந்து முகத்தின் இடுக்குகளில் வெளியேறும். சில்லுக்குப் பதில் மண்ணை அள்ளிப் போட்டால் நீர் தேங்கி, மண் ஊதி, இரண்டு மூன்று குளிர்காலத்தில் சுவர் வெடித்துக்கொண்டு கீழே வரும்.

இடிவதற்கு இன்னொரு காரணம் ஆள் இல்லாமை. முன்பெல்லாம் ஒரு கல் விழுந்தால் மறுநாளே எடுத்து வைப்பார்கள். இளைஞர்கள் ஏதென்ஸுக்குப் போனபின் வயல்கள் ஆடுகளின் கைக்கு வந்தன. ஆடு ஏறும் இடத்தில் ஒரு கல் சரியும், அந்த வாயில் மழை நீர் பாயும், அடுத்த படியும் போகும். நடப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு: சுவர் ஏறிக் குறுக்குவழி போகாதீர்கள். நீட்டிக்கொண்டிருக்கும் கற்படிகள் இருந்தால் அவை ஏறத்தான். மற்ற இடம் வேண்டாம். கல் இடுக்கில் கையை விடவும் வேண்டாம், தீவில் விரியன் உண்டு.

மேடான, காற்று வீசும் இடங்களில் கல் பாவிய வட்டங்கள் தென்படும். சூடடித்துத் தூற்றிய களங்கள். தேவாலயத்துக்குப் பக்கத்தில் களம், களத்துக்குக் கீழே ஊற்று என்று அடிக்கடி சேர்ந்தே வரும். வழி தவறினால் ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடலாம்.

வயலுக்கு ஒன்றாக ஏன் இத்தனை சிற்றாலயங்கள்?

பல குடும்பச் சொத்து. நோய் தீர்ந்ததற்கு, கப்பல் கரை சேர்ந்ததற்கு, இறந்தவர் நினைவுக்கு என்று நேர்ந்துகொண்டு கட்டியவை. ஆண்டில் ஒரு நாள், அந்தப் புனிதரின் திருநாளில், குரு வந்து வழிபாடு நடத்துவார். மற்ற நாளில் குடும்பத்தார் எண்ணெய் விளக்கு ஏற்றிவிட்டுப் போவார்கள். தீவில் பெரும்பான்மையான ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விதிப்படி ஒரு பலிபீடத்தில் ஒரு நாளில் ஒரு திருவழிபாடுதான். ஒன்றையொட்டி இன்னொன்று என ஆலயங்கள் பெருகியதற்கு இந்த விதிக்கும் பங்குண்டு.

தீவில் கத்தோலிக்கரும் உண்டா?

உண்டு, சிறுபான்மையாக. 1207-இல் வெனிஸைச் சேர்ந்த மார்க்கோ சனுதோ தீவைப் பிடித்துத் தன் சிற்றரசை அமைத்தார். 1566-இல் துருக்கிய ஒட்டோமான்கள் எடுக்கும்வரை அந்த ஆட்சி நீடித்தது. ஹோராவின் கோட்டைப் பகுதியான காஸ்த்ரோவில் கத்தோலிக்கப் பேராலயம் இன்றும் இயங்குகிறது. நாட்டுப்புறத்தில் வெனிஸ்காரர்கள் விட்டுப்போனவை கோபுர வீடுகள். ஹல்கியில் ஒன்று நல்ல நிலையில் உள்ளது. இரண்டு கூடம் ஒட்டிய தேவாலயத்தைக் கண்டால், ஒன்று ஆர்த்தடாக்ஸுக்கும் மற்றது கத்தோலிக்கருக்கும் இருந்திருக்கலாம். எல்லா இரட்டைக் கூடமும் அப்படியல்ல.

ஸாஸ் மலை ஏற வேண்டுமா?

பள்ளத்தாக்கு முழுவதையும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ள அதைவிட இடம் இல்லை. ஃபிலோட்டிக்கு மேலே ஆயியா மரீனா சிற்றாலயத்திலிருந்து ஒன்றரை மணி நேர ஏற்றம், பாதை தெளிவு. வழியில் ஒரு பாறையில் 'மந்தை காக்கும் ஸீயஸின் மலை' என்ற பொருளில் பழைய எல்லைக் கல்வெட்டு உண்டு, தலை குனிந்து தேடினால் தெரியும். அரியா ஊற்றிலிருந்து குகை வழியாகப் போகும் பாதை செங்குத்து, உருளும் சரளை. அதில் ஏறலாம், இறங்கக் கூடாது. இறங்குவதற்கு ஆயியா மரீனா பக்கம்தான்.

எந்தத் திருவிழாவுக்கு ஒத்துப்போகும்படி வரலாம்?

ஆகஸ்ட் 15, மாதாவின் திருநாள், ஃபிலோட்டியில் பெரிதாக நடக்கும். வழிபாடு, பிறகு ஆட்டிறைச்சி, வயலின், விடியும்வரை ஆட்டம். ஆகஸ்ட் 6-இல் தனாக்கோஸ் ஊருக்கு மேலே கோட்டை போன்ற ஃபோத்தோதோத்திஸ் மடத்தில் விழா. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) அடுத்த வெள்ளியன்று கொரோனோஸ் அருகே அர்கோகீலி மாதாவுக்குத் தீவு முழுவதும் நடந்து வருவார்கள். ஆர்த்தடாக்ஸ் உயிர்ப்பு நாள் மேற்கத்திய நாட்காட்டியோடு பல ஆண்டுகளில் ஒத்துவராது. தேதியைப் பார்த்துவிட்டுச் சீட்டு எடுங்கள். ஆகஸ்ட் நடுவில் அறை கிடைப்பது கடினம்.

உள்ளே எப்படி நடந்துகொள்வது?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பையில் ஒரு துண்டோ துப்பட்டாவோ போதும். செருப்பைக் கழற்ற வேண்டாம். பலிபீடத்தை மறைத்து நிற்கும் ஐகான் திரைக்குப் பின்னால் போகக் கூடாது, திரைச்சீலை திறந்திருந்தாலும். பலிபீடத்துக்கு முதுகு காட்டிப் படம் எடுக்காதீர்கள். மெழுகுவர்த்தி ஏற்றினால் மணல் தட்டில் நடுங்கள், ஓவியச் சுவர் ஓரம் அல்ல. கரி படிவது அங்கேதான். பெட்டியில் ஒன்றிரண்டு யூரோ நாணயம் போடுவது மரபு. ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். சாவி கொண்டுவந்து திறந்துவிட்டவருக்குக் கையில் காசைத் திணிப்பதைவிட, பெட்டியில் அவர் பார்க்கப் போடுவதே நாகரிகம்.

பையில் என்ன இருக்க வேண்டும்?

முட்புதர்க் காடு என்பதால் முழுக்கால் சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் காலணி. 1:40,000 அளவில் அச்சிட்ட நடைபாதை வரைபடம். பள்ளத்தாக்கின் மடிப்புகளில் கைபேசி சிக்னல் போய்விடும். வெளிச்சத்தைக் குறைத்து வைக்கக்கூடிய சிறு டார்ச்: ஓவியத்தின் மேல் நேராக அடிக்காமல் தரையில் அடித்தால் எதிரொளியிலேயே தெரியும். உயரக் குவிமாடத்துக்குச் சிறிய தொலைநோக்கி. ரொட்டியோடு ஹல்கியில் ஒரு துண்டு கிராவியேரா வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டுப்பாலில் அல்ல, பெரும்பங்கு பசும்பாலில் செய்கிற பாலாடைக்கட்டி, வெயிலில் சீக்கிரம் கெடாது. அவசரத்துக்கு 112.